சூட்டோடு அடுக்கிய துண்டுகள்

லாண்டரி எரிந்த மறுநாள் காலையில் தம்பி சிரித்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

சித்தி படுத்திருந்த வார்டுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் மத்தியானம் உடுத்தியிருந்த அதே உடுப்பு. தலைமுடியில் புகை நாற்றம், நகக்கண்ணில் கரி. தம்பி குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றான்.

"அக்கா, நல்ல சேதி! நானிருக்கேன் வந்து பாத்துட்டாரு. முழுசாக் கிடைச்சுடுமாம். நம்ம கையைக் கடிக்கவே கடிக்காதாம்."

நானிருக்கேன் என்பது இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு அக்கா வைத்த பட்டப்பெயர். அவர் எதைச் சொன்னாலும் கடைசியில் "நான் இருக்கேன்ல?" என்று முடிப்பார். பெயர் ஒட்டிக்கொண்டது. கேலிக்கு வைத்த பெயரை இப்போது தம்பி சாமி பெயர் மாதிரி பயபக்தியோடு சொன்னான்.

"சித்தி எப்படி இருக்காங்கன்னு கேட்டியாடா?"

"அதைக் கேக்கத்தானே வந்தேன்."

"வாயைத் தொறந்ததும் வந்தது அது இல்லையே."

"ஆஸ்பத்திரிச் செலவும் அதுலயே வந்துடும்கா. அதைத்தான் சொல்ல வந்தேன். நீ எதுக்கும் கவலைப்படாத."

அக்காவுக்குக் கை பரபரத்தது. வார்டு வாசலாகிப் போயிற்று, நர்ஸ் வேறு நின்றுகொண்டிருந்தாள். இல்லாவிட்டால் இஸ்திரி போட்ட அந்தச் சட்டைக் காலரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கியிருப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் சித்தி மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். அம்மா போன பிறகு இவர்கள் இரண்டு பேரையும் வளர்த்தவள் அவள்தான். அதிலும் தம்பி என்றால் அவளுக்கு உயிர். அவன் என்ன தப்புச் செய்தாலும் பூசி மெழுக அவளிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். நெஞ்சு நிறையப் புகையைக் குடித்துவிட்டுக் கிடந்தபோதும், நினைவு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்பதுதான். அவனுக்கு என்ன ஆகும்? அவன் அந்த நேரத்தில் நானிருக்கேனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

லாண்டரி இரண்டு பேருக்கும் சமபங்கு. அப்பா விட்டுப்போனது. வாஷிங் மெஷின், டிரையர், சோப்பு, வேலையாட்கள் எல்லாம் அக்கா பொறுப்பு. வாடிக்கை பிடிப்பது, துணி எடுத்துவருவது, வேனில் ஏற்றி அனுப்புவது தம்பி பொறுப்பு. ஹோட்டல் படுக்கை விரிப்பு, சாப்பாட்டுக் கடைகளின் சமையலறைத் துணி, எண்ணெய் மசாஜ் செய்யும் இடங்களின் துண்டு, இவைதான் அவர்கள் பிழைப்பு.

இதில் எண்ணெய்த் துண்டு மட்டும் தனி ஜாதி. எத்தனை சோப்புப் போட்டு அலசினாலும் நூலுக்குள் ஏறின எண்ணெய் முழுசாகப் போகாது. அதை டிரையரில் காயவைத்துச் சூட்டோடு எடுத்து அடுக்கினால், அடுக்குக்குள்ளே இருக்கிற சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம், ஒயர் உரச வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா விட்டாலே நடுவில் இருக்கிற துண்டு கருகும், பிறகு பற்றும். இது ஒன்றும் பரம ரகசியம் இல்லை. லாண்டரி நடத்துகிற எல்லோருக்கும் தெரியும், தம்பிக்கும் நன்றாகத் தெரியும். டிரையர் கடைசியில் கொஞ்ச நேரம் சூடில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு துண்டைக் கம்பித் தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். கையை நடுவில் விட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால்தான் மடிக்க வேண்டும். அப்படித்தான் நடந்துகொண்டும் இருந்தது.

இத்தனைக்கும் தம்பி பிறவிப் பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் பூட்டின கதவை மறுபடி மறுபடி போய் இழுத்துப் பார்ப்பான். லாண்டரிக்கு வந்த புதிதில், ராத்திரி வீட்டுக்குப் போன பிறகுகூட "மெயினை அணைச்சியாக்கா?" என்று போன் செய்து உயிரை வாங்குவான். அக்கா அப்போது எரிந்து விழுவாள். அந்தப் பயம் எவ்வளவு பெரிய சொத்து என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பிறகு நானிருக்கேன் வந்தார். கட்டடத்துக்கும் மெஷினுக்கும் ஒரு பாலிசி, துணி மடிக்கிற சித்தி உள்பட வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு பாலிசி. அக்காவும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டாள். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் பாலிசி அலமாரிக்குள் போன நாளிலிருந்து தம்பிக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிட்டது. மெயினை அணைத்தாயா என்ற போன் நின்றது. கதவை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பதுகூட நின்றது. ஒயர் பழசாகிவிட்டது, மாற்றலாமா என்று அக்கா கேட்டால், "ஆனா ஆகட்டும், இன்சூரன்ஸ் எதுக்கு இருக்கு?" என்பான். அப்படிச் சொல்லும்போது ஊரில் இல்லாத புத்திசாலி மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது அவனுக்கு. மசாஜ் கடைக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில், "துண்டு வெதுவெதுப்பா இருந்தா வர்றவங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். தம்பி அதையே பிடித்துக்கொண்டான். டிரையரிலிருந்து எடுத்த சூடு ஆறாமல் துண்டைக் கொண்டுவந்து தருகிற ஒரே லாண்டரி நம் லாண்டரி என்று ஒவ்வொரு மசாஜ் கடையாக ஏறி இறங்கினான். வாடிக்கை குவிந்தது. டிரையரின் கடைசிச் சுற்றை நிறுத்தினான். கம்பித் தட்டுகளை மூலையில் சாய்த்தான். துண்டை எடுத்த சூட்டோடு மடித்து, தள்ளுவண்டியில் நெருக்கி அடுக்கி, சூடு போய்விடக் கூடாதென்று மேலே தடிக் கம்பளி போட்டுப் போர்த்தினான். கைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பொத்திப் பொத்தி வைக்க மாட்டார்கள்.

அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு நாள் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டு போய் அவன் மேஜையில் போட்டாள். வெள்ளைத் துண்டு நடுவில் மட்டும் பழுப்பேறி, தீய்ந்த வாடையடித்தது.

"பாரு. இது எச்சரிக்கை. இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

"ஒரு துண்டுதானேக்கா. ஓரமா வெச்சுடு. மெஷின் துடைக்க ஆகும்."

"தீப்பிடிக்கும்டா!"

"பிடிச்சா புது மெஷின் வரும். இந்தப் பழைய டப்பாவை வெச்சுக்கிட்டு மாரடிக்கிறதுக்கு அது மேல்."

வேடிக்கையாகத்தான் சொன்னான். வேலையாட்களும் சிரித்தார்கள். மடிப்பு அறையில் உட்கார்ந்திருந்த சித்தியும் சிரித்தாள். "விடுடி, அவன் ஊரெல்லாம் அலைஞ்சு வாடிக்கை பிடிச்சுட்டு வர்றான். நீ சும்மா அவனைக் கரிச்சுக் கொட்டாத" என்று அக்காவுக்குத்தான் உபதேசம் கிடைத்தது.

சித்திக்கு மத்தியானச் சாப்பாடானதும் கண்ணைக் கட்டும். மடிப்பு மேஜைக்கு அந்தப் பக்கம், தரையில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் படுத்தாள். கம்பளி போர்த்திய தள்ளுவண்டி வேனுக்காகக் காத்துக்கொண்டு, அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றது. வேன் வழியில் பழுதாகி வரத் தாமதமானது. அந்தத் தாமதமே போதுமாயிற்று.

வாஷிங் மெஷின்கள் இருக்கிற பக்கம் நின்ற அக்காவுக்கு முதலில் வாடைதான் வந்தது. ஓடிவந்து கதவைத் திறந்தால் அறை முழுக்க மஞ்சள் புகை. காற்று பட்டதும் கம்பளி குப்பென்று பற்றியது. வண்டியைக் காலால் எட்டி உதைத்துத் தள்ளிவிட்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து போய், கையில் பட்ட காலைப் பிடித்துச் சித்தியை இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் டிரையர் அறைக்கும் தீ தாவியது. வெயிலில் தெருவில் கிடத்தியபோது சித்தியின் வாயோரத்தில் கரியும் எச்சிலும் கலந்து வழிந்தது. கண் பாதி திறந்திருந்தது. அக்கா, "சித்தி, சித்தி" என்று அவள் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தாள். செத்துவிட்டாள் என்றே நினைத்தாள்.

ஓரிரு நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதத்தைப் பார்வையிட ஒருவர் வந்தார். கையில் பேனாவும் கேமராவும் வைத்துக்கொண்டு, கரிக்குழம்பில் கால் படாமல் தாண்டித் தாண்டி நடந்தார். அக்கா அவருக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். படித்தவர், அதிகாரி, வெளியாள். தன் பேச்சைக் காதில் வாங்காதவன், இந்த ஆள் நாலு வார்த்தை சொன்னால் கேட்பான் என்று ஒரு நப்பாசை.

"எப்படிப் பிடிச்சது?" என்றார் அவர்.

"ஒயர்ல ஏதோ…" என்று இழுத்தான் தம்பி.

"ஒயர் இல்லைங்க" என்றாள் அக்கா. "எண்ணெய்த் துண்டைச் சூட்டோட அடுக்கி, மேல கம்பளி போட்டு மூடினோம். உள்ளேயிருந்து பிடிச்சுது. நான் வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இவன் கேக்கல. உள்ள ஒரு மனுஷி படுத்திருந்தாங்க."

தம்பியின் முகம் செத்துவிட்டது. அடிப்பாவி, சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாளே என்கிற பார்வை. அக்கா கவலைப்படவில்லை. பணம் போனாலும் போகட்டும், யாராவது ஒருத்தர் இவனைப் பார்த்து, நீ செய்தது தப்பு என்று சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் முழு லாண்டரியையும் கொடுக்கத் தயாராக இருந்தாள்.

வந்தவர் நிதானமாகக் குறித்துக்கொண்டார். "வேணும்னே கொளுத்தலையே?"

"ஐயோ, இல்லைங்க!" என்று பதறினான் தம்பி.

"அப்போ பிரச்சினை இல்ல. கவனக்குறைவா நடக்கிறதுக்குத்தானே பாலிசியே. எல்லாரும் கவனமாவே இருந்தா எங்களுக்கு என்ன வேலை?" என்று சிரித்தார். தம்பியும் சிரித்தான். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. போகிற போக்கில், "இனிமே ஆறவெச்சு அடுக்கச் சொல்லுங்க. சுவத்துல ஒரு அறிவிப்புப் பலகை மாட்டி போட்டோ அனுப்பிடுங்க, போதும்" என்றார்.

அக்கா கரிக்குழம்பில் நின்றபடியே நின்றாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உண்மையைச் சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை. பொய் சொல்லியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதேதான் உண்மைக்கும் கிடைத்தது.

பணம் வந்தது. பளபளவென்று புது மெஷின்கள் வந்தன. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். 'துணிகளை நன்கு ஆறவைத்த பின்பே அடுக்கவும்' என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டினார்கள். தம்பி அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினான். பிரிந்துபோன வாடிக்கையாளர்களைக் கூட்டிவர அவனுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. வாய் இருக்கிறதே.

சித்தியும் திரும்பி வந்தாள். வீட்டில் இருக்கச் சொல்லி அக்கா எவ்வளவோ மன்றாடினாள். "சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தா நான் ரெண்டே நாள்ல போய்ச் சேந்துடுவேன்" என்றுவிட்டாள். பழைய சித்தி இல்லை இவள். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. ஒரு விரிப்பை உதறி மடித்தால் மேஜையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. யாராவது பார்த்தால், வேண்டுமென்றே நிற்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் மடிப்பு அறைக்குள் நுழைந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புதுத் தள்ளுவண்டி. மேலே புதுக் கம்பளி. கையை உள்ளே விட்டாள். சுட்டது. வண்டிக்கு அந்தப் பக்கம், அதே இடத்தில், சித்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா துண்டுகளை அள்ளித் தரையெல்லாம் வீசினாள். கம்பளியைச் சுருட்டிக்கொண்டு போய் ஓடுகிற வாஷிங் மெஷினை நிறுத்தி அதற்குள் திணித்தாள். மறுநாள் தம்பி இன்னொரு கம்பளி வாங்கி வந்தான். அதையும் தண்ணீரில் போட்டாள். அவன் மறுபடி வாங்கினான். வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்காவும் தம்பியும் கம்பளியை வைத்துக்கொண்டு சடுகுடு ஆடுகிறார்கள் என்று கிண்டல்.

கடைசியில் அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"போன தடவை என்ன நடந்துச்சுன்னு மறந்து போச்சா?"

"என்னக்கா நடந்துச்சு? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே. பழைய மெஷின் போய்ப் புது மெஷின் வந்துச்சு. சித்தி பிழைச்சுட்டாங்க. செலவு பூரா அவங்க குடுத்தாங்க. நமக்கு என்ன நஷ்டம், சொல்லு?"

அவன் நிஜமாகவே கேட்டான். முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. திமிராகப் பேசியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். இவன் கணக்கில் அந்தத் தீ ஒரு நல்ல காரியம். அப்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. இவனுக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. புத்தி இருக்கிறது. பயம்தான் இல்லை. அதை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாலிசி புதுப்பிக்கிற நேரம் வந்தது. நானிருக்கேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பங்குதாரர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி இரண்டு தாளிலும் பார்க்காமலே போட்டான். அக்கா நிதானமாகப் படித்தாள். வேலையாட்களுக்கான பாலிசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கட்டடத்துக்கும் மெஷினுக்குமான தாளை எடுத்து, மடிக்காமல் கசக்காமல், அப்படியே அவரிடம் திருப்பி நீட்டினாள்.

"இதுல போட மாட்டேன்."

"ஏம்மா? தொகை ஏறியிருக்குன்னா பேசிக்கலாம்மா."

"தொகை இல்லைங்க. இது எங்களுக்கு வேணாம்."

தம்பி எழுந்தேவிட்டான். "என்னக்கா விளையாடுறியா?"

"மனுஷங்களுக்கு உள்ளதுல போட்டுட்டேன். மெஷினுக்கு உள்ளதுல போட மாட்டேன். இவ்வளவுதான்."

நானிருக்கேன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டார். அவர் ஆயுசில் தீயில் கடை பறிகொடுத்தவர் யாரும் பாலிசி வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை. "அம்மா, மெஷினெல்லாம் அம்மணமா நிக்கும்மா!"

"நிக்கட்டும். வெக்கம் யாருக்கு வரணுமோ அவனுக்கு வரட்டும்."

"பாலிசி இல்லாம தொழில் பண்றது பைத்தியக்காரத்தனம்மா."

"பாலிசியை வெச்சுக்கிட்டு நாங்க பண்ணினதுக்கு என்னங்க பேரு?" என்றாள் அக்கா. "உங்க பாலிசி கெட்டதுன்னு நான் சொல்லல. எங்க கைக்குத்தான் அது ஆகல. குடை கையில இருக்குன்னு கூரையைப் பிரிச்சுப் போடுற ஆளுக்குக் குடை குடுக்கக் கூடாது."

அன்றைக்கு ஆரம்பித்தது நச்சரிப்பு. தம்பி கெஞ்சினான், கத்தினான், சாப்பிடாமல் இருந்து பார்த்தான். "இதுல உன் பங்கும்தானேக்கா போகும்?" என்று கணக்குக் காட்டினான். "போகட்டும்" என்றாள். தம்பி மனைவி பழத்தோடு வீட்டுக்கு வந்தாள். "அண்ணி, அவருக்கு ராத்திரியில தூக்கமே இல்ல. எழுந்து எழுந்து உக்காந்துக்கிறாரு" என்று கண்ணைக் கசக்கினாள். அக்காவுக்குப் பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எத்தனை காலத்துக்கு அப்புறம் இவன் தூக்கம் கெட்டிருக்கிறது! கடைசி ஆயுதமாகச் சித்தியே வந்தாள். மூச்சு வாங்க மாடியேறி வந்து, பேச முடியாமல் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள்.

"போட்டுடுடி… புள்ள… வாடிப் போய்ட்டான்…"

"சித்தி, உங்களுக்காகத்தான் போடாம இருக்கேன்."

"எனக்கென்ன… நான் நல்லாத்தானே இருக்கேன்…"

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சித்தி அதைக் குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் நின்றாள். உள்ளுக்குள் அவளுக்கும் நடுக்கம்தான். ஒயர் உரசி நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் அவளும் நடுத்தெருவில்தான் நிற்பாள். அவளுக்கும் வேறு பிழைப்புக் கிடையாது. ஆனாலும் போடவில்லை.

பாலிசிக் கெடு முடிந்தது. மறுநாள் காலை அக்கா வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் லாண்டரிக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே தம்பி.

அவள் பார்த்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. மூலையில் கிடந்த கம்பித் தட்டுகளெல்லாம் துடைத்து வரிசையாக நின்றன. முதல் லோடு துண்டுகளை அவனே ஒவ்வொன்றாகப் பரப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு துண்டையும் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தான். தீயணைக்கும் சிலிண்டர்கள் கதவுக்குக் கதவு தொங்கின. பழைய ஒயரை மாற்ற எலக்ட்ரீஷியன் ஏணி மேல் நின்றார். மசாஜ் கடைக்காரருக்குப் போன் போட்டு, "வெதுவெதுப்பெல்லாம் இனிமே கிடையாதுங்க. வேணும்னா வாங்குங்க, இல்லைன்னா விடுங்க" என்று தம்பியே சொன்னான். வேலையாள் ஒருவன் இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதற்கு, "சூடு தெரியல? மரத்துப்போச்சா கை?" என்று குதித்தான்.

அக்கா எதையெல்லாம் கேட்டுத் தொண்டை வற்றினாளோ, அத்தனையும் நடந்துகொண்டிருந்தது. ஜெயித்துவிட்டாள். நியாயமாக அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஏணியையும் சிலிண்டரையும் கம்பித் தட்டையும் பார்க்கப் பார்க்க, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வந்ததைவிடப் பெரிய கோபம் நெஞ்சில் ஏறியது. ஒரே ராத்திரியில் இத்தனையும் செய்ய முடியுமா இவனால்? அப்போது முடியாமலா இருந்தது?

மடிப்பு மேஜையில் உட்கார்ந்திருந்த சித்திக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா… திருந்திட்டான்… நான்தான் சொன்னேனே…"

தம்பி துண்டை உதறிக்கொண்டே அக்காவிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. "இப்போ திருப்திதானேக்கா? மொத்த மெஷினும் வெறுமனே நிக்குது. நினைச்சாலே குலை நடுங்குது. ஒண்ணு ஆச்சுன்னா எதை வெச்சு வாங்குறது?"

"இந்த நடுக்கம் அன்னைக்கு எங்கேடா போச்சு?" என்றாள் அக்கா. "புகைக்குள்ள சித்தி கிடந்தாங்களே. அதுக்கு அப்புறமும் அதே இடத்துல கம்பளி போட்டு மூடினியே. அப்போ நடுங்கலையா?"

தம்பி புரியாமல் பார்த்தான். பிறகு, சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற மாதிரி, பொறுமையாக, அன்பாகக்கூடச் சொன்னான்.

"சித்திக்குத்தான் பாலிசி இருக்கேக்கா."

ஏணி மேலிருந்த எலக்ட்ரீஷியன்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். சித்தி பாதி மடித்த துண்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பூரிப்பு முகத்தைவிட்டுப் போக நேரமாயிற்று. வளர்த்த பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். அவனுக்காக வழக்கமாகச் சொல்கிற காரணம் எதுவும் இந்தத் தடவை அவள் வாயில் வரவில்லை. மீதி மடிப்பையும் மடித்து, துண்டை மேஜையில் வைத்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டாள். நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

"சித்தி! எங்கே போறீங்க? இன்னும் ஒரு லோடு கிடக்கு, யாரு மடிக்கிறது?" என்று பின்னாலிருந்து கத்தினான் தம்பி.

அக்கா மேஜையிலிருந்த துண்டுக் குவியலை வாரி அவன் நெஞ்சில் எறிந்தாள்.

"நீ மடி" என்று சொல்லிவிட்டு, சித்தியின் கையைப் பிடித்துக்கொள்ளத் தெருவுக்கு ஓடினாள்.